இரண்டு நீல டிரம்கள்

நான் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே என் நூலகத்தில் ஒரு கொலை நடப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

பின்கட்டில் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சிவப்பு வாளி. இரண்டு கைகளையும் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு எதையோ அமுக்கிப் பிடித்திருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால், நல்ல கனமான ஒரு புத்தகம். குமிழி குமிழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“என்னங்க பண்றீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் வாசலிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார். எனக்குக் குரல் பெரிசு, பொறுமை சின்னது. அன்றைக்கும் அப்படித்தான்.

அவர் தலையைத் தூக்கவில்லை. செங்கல்மேல் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

“ஸ்வல்ப இருங்க மேடம். இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்குது.”

அவர்தான் எங்கள் பைண்டிங் பிரிவு அக்கா. கன்டோன்மென்ட் என்கிற தண்டுப் பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பழைய நூலகம் எங்களுடையது. கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுவது அவர் வேலை. அத்துடன், மழையோ தீயோ வந்தால் புத்தகங்களைக் காப்பாற்றுவதற்கான சாமான்களைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. இந்த இரண்டாவது வேலையை யாரும் அவருக்குக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவரே எடுத்துக்கொண்டதுதான்.

வருஷா வருஷம் கோடை மழை தொடங்குமுன் பழைய பேப்பர் கடையிலிருந்து யாருக்கும் வேண்டாத கைடு ஒன்றோ டைரக்டரி ஒன்றோ கொண்டுவருவார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி, “தெரிஞ்சேதான் பண்றேன், மன்னிச்சுக்கோ” என்று அதனிடமே சொல்லிவிட்டு வாளிக்குள் அமுக்குவார். பிறகு அதைக் காயவைத்துப் பார்ப்பார். ஒரு வருஷம் நியூஸ்பேப்பர் வைத்து, மை ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷம் அச்சடிக்காத வெள்ளைத் தாள் வைத்து, தேவலை. ஒரு வருஷம் மின்விசிறிக்கு நேரே, ஒரு வருஷம் மொட்டைமாடி வெயிலில். வெயிலில் வைத்தது ஓலைச்சுவடி மாதிரி வளைந்துபோயிற்று. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பார்.

“பேனாவால எழுதக் கூடாதா?” என்று கேட்டேன்.

“நோட்டே நனைஞ்சா?”

புத்தகத்தில் கால் பட்டால் பதறிப்போய்க் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். எங்கள் டைப்பிஸ்ட் அம்மாள் அந்த நாளில் பின்கட்டுப் பக்கமே வரமாட்டார். சாபம் பிடிக்கும் என்பார். அக்காவுக்கு அதெல்லாம் காதில் ஏறாது.

சாமான்கள் இரண்டு நீல டிரம்களில் இருந்தன. வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்போமே, கறுப்பு மூடியும் இரும்பு வளையமும் உள்ள அந்த டிரம். அட்டைப்பெட்டியில் வைத்தால் வெள்ளத்தில் முதலில் சாவது அந்தப் பெட்டிதான் என்பது அவர் கட்சி. உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டுகள், நைலான் கயிறு, துணி கிளிப், ஸ்பாஞ்ச், கையுறை, மாஸ்க், பட்டர் பேப்பர், டார்ச், பேட்டரி. பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு வைக்கமாட்டார். கசிந்து பச்சை பிடித்துவிடுமாம். வளையத்தில் பூட்டு. சாவி அவர் கழுத்துச் சங்கிலியில், மாதா சுரூபத்தோடு தொங்கும்.

அந்த டிரம்மிலிருந்து யாராவது எதையாவது வாங்கிவிட்டால் அது அதிசயம். வாட்ச்மேன் டார்ச் கேட்டுப் பார்த்தார். கன்னட ராஜ்யோத்சவத்துக்குக் கொடி கட்டக் கயிறு கேட்டார்கள். “பேடா” என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை, வேண்டாம் என்று. எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. பொருள், காரணம், பொறுப்பாளர் கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் வெள்ளம், தீ, குழாய் உடைந்தது இவை தவிர எதை எழுதினாலும் செல்லாது. ஒரு சாயங்காலம் மழை கொட்டுகிறது. ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகவேண்டும். தலையில் போட்டுக்கொள்ள ஒரே ஒரு ஷீட் கேட்டேன். நூலகத்துக்கே பொறுப்பாளர் நான்.

“நீங்க நனைஞ்சா காஞ்சுக்குவீங்க மேடம். நீங்க இன்னா காகிதமா?” என்றார்.

நனைந்துகொண்டேதான் போனேன். வழி நெடுகத் திட்டிக்கொண்டும் போனேன்.

குழந்தைகளுக்குப் போடும் டயாப்பர் நான்கு பாக்கெட் வேண்டும் என்று அவர் ஒருமுறை எழுதிக் கொடுத்ததை நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அறக்கட்டளைச் செயலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். ஓய்வுபெற்ற அதிகாரி, கறாரான மனிதர்.

“லைப்ரரியில யாருக்கும்மா குழந்தை பிறந்திருக்கு?”

அக்கா பையிலிருந்து ஒரு டயாப்பரை எடுத்து அவர் மேசைமேல் விரித்தார். அங்கேயே இருந்த தண்ணீர் ஜக்கைத் தூக்கி மொத்தத்தையும் அதன்மேல் ஊற்றினார். செயலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். மேசையில் ஒரு சொட்டு இல்லை.

“ஒரு பெரிய புஸ்தகம் இம்மாந் தண்ணி குடிக்கும் சார். குடிச்சதை யாராவது வாங்கிக்கணுமில்ல?”

செயலாளர் ஆறு பாக்கெட்டாக அனுமதித்தார்.

அக்காவின் வாயில் சதா இருந்த பேச்சு ஒன்றே ஒன்று: “ஈரத்துல பிரிக்காதீங்க.” மழையில் நனைந்த செய்தித்தாளைக் கூடப் பிரிக்க விடமாட்டார். என் அம்மா இறந்த நாலாம் நாள் வேலைக்கு வந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. துக்கம் விசாரிக்கிறேன் என்று ஆளாளுக்கு வந்து, எப்படி ஆச்சு, கடைசியில் என்ன பேசினாங்க என்று கேட்டுக் கேட்டு என்னைக் கரைத்துவிட்டார்கள். பைண்டிங் அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அக்கா ஒரு துண்டை என் மடியில் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாட்டுக்குப் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அதற்குப் பிறகுதான் அவரிடம் நான் கேட்கத் துணிந்தேன், ஏன் இப்படிப் புத்தகத்தை மூழ்கடிக்கிறீர்கள் என்று.

மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. எழுந்துபோய் இரண்டாவது டிரம்மைத் திறந்தார். அடியிலிருந்து பட்டர் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நீல ஏர் லெட்டர்கள், ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாக. நூலில் ஒரு சீட்டு. பென்சிலில் ‘பிரிக்க வேண்டாம்.’

“ஆபீஸ் டிரம்ல சொந்தப் பொருள வச்சது தப்புதான் மேடம். என் வூடு எனக்கு நம்பிக்கை இல்ல.”

அவர் கணவர் வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர். கையில் போன் இல்லாத காலம். மாதம் ஒரு கடிதம். அக்கா அப்போது ஜீவனஹள்ளியில் ஒரு தகர ஷீட் வீட்டில் இருந்தார். துணி தைக்கும் ஃபாக்டரியில் வேலை.

“புதுசு வந்தா ஒடனே படிக்க மாட்டேன். படிச்சா அஞ்சு நிமிஷத்துல தீந்துடுமே! மொத லெட்டர்லருந்து ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா படிச்சுக்கினு வருவேன். புதுசு கடைசியில. பாயசம் மாதிரி. பதினொண்ணாவது வந்த அன்னிக்கு ஏழு வரைக்கும் படிச்சேன். ஷிஃப்டுக்கு டைம் ஆயிடுச்சு. எல்லாத்தையும் அடுக்கி, புதுச அடியில வச்சு, டிரங்குப் பெட்டியில போட்டுட்டுப் போனேன். வந்து மிச்சத்த படிக்கலாம்னு.”

சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது ராஜகால்வாய் என்கிற பெரிய சாக்கடை உடைத்துக்கொண்டு தெருவே முழங்கால் ஆழத்தில் இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி நிறையச் சாக்கடைத் தண்ணீர். கடிதங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே இருந்த முதல் கடிதத்தைப் பிடித்து இழுத்தார். கூழாக வந்தது. இரண்டாவதையும் இழுத்தார். அதுவும் அப்படியே. அதோடு கையை எடுத்துவிட்டார். இருபது நாள் கழித்து அவர் கணவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்த செய்தி வந்தது.

“பத்து லெட்டரும் எனக்கு மனப்பாடம் மேடம். பதினொண்ணுல இன்னா எழுதினாருன்னுதான் தெரியாது.”

காய்ந்து ஒட்டிப்போன காகிதத்தைப் பிரிக்கவேண்டுமானால் அதை மறுபடியும் ஈரமாக்க வேண்டும். எவ்வளவு ஈரம், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் இத்தனை கைடுகளும் டைரக்டரிகளும் வாளியில் உயிரை விட்டன. அக்கா பொட்டலத்தைச் சுற்றி மறுபடி டிரம்முக்குள் வைத்துப் பூட்டினார்.

அவர் பயந்த மழை சில வருஷம் கழித்து நூலகத்துக்கே வந்தது. காலையில் வாட்ச்மேன் போன் செய்தார். போய்ப் பார்த்தால் அடித்தளத்துப் புத்தக அறையில் தொடை ஆழம் தண்ணீர். கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப் பருத்து, தட்டை உடைத்துக்கொண்டு விழுந்து மிதந்தன. இரண்டு நீல டிரம்களும் மிதந்து வந்து வாசற்படியில் எங்களுக்காகக் காத்திருந்தன.

நாங்கள் ஒன்பது பேர் இறங்கினோம். இறங்கி என்ன பயன்? காலடியில் எல்லாம் புத்தகம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு புத்தகத்தில் கால் படும். உடனே குனிவோம், தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம், நிமிர்வோம், அடுத்த அடி. டைப்பிஸ்ட் அம்மாள் அழுதுகொண்டே ஒற்றிக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக ஒரு தட்டுக் கூடக் காலியாகவில்லை. இதற்கு மட்டும் அக்காவின் டிரம்மில் சாமான் இல்லை.

அவர் எங்கள் எல்லோரையும் மேலே கூப்பிட்டார். படியில் வரிசையாக நிற்கவைத்தார்.

“அவங்கவங்க சாமிய இங்கயே ஒரு தடவ கும்புட்டுக்குங்க. எல்லாப் புஸ்தகத்துக்கும் சேத்து மொத்தமா. அப்பறம் கால் பட்டா பட்டதுதான். யாராவது குனிஞ்சு கண்ணுல ஒத்துறத பாத்தேன், வெளிய அனுப்பிடுவேன்.”

கும்பிட்டோம். எங்கள் டிரைவர் கண்ணை மூடி துவா சொன்னார். அதன்பின் வேலை பறந்தது.

வழவழத் தாள் புத்தகங்கள் முதலில், அவை காய்ந்தால் செங்கல்லாகிவிடும் என்றார். எதையும் திறக்கக் கூடாது. பட்டர் பேப்பரில் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி, பென்சிலில் சீட்டு எழுதிக் கட்டவேண்டும். இரண்டு நாளைக்குள் உறையவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அதற்கும் ஏற்பாடு வைத்திருந்தார். மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பாயிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தாராம். “அரே அக்கா, நெஜமாவே வந்துட்டீங்களா!” என்று அவர் குளிர்கிடங்கில் வஞ்சிரத்தை ஒருபக்கம் ஒதுக்கி இடம் கொடுத்தார்.

இவ்வளவும் கண்ணெதிரில் நடக்க, நான் ஒரு காரியம் செய்தேன். எங்களிடம் ஒரு கையெழுத்துப் பத்திரிகைத் தொகுதி இருந்தது. அந்தக் காலத்து மில் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிச் சுற்றுக்கு விட்டது. உலகத்தில் அது ஒரே பிரதி. அதைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. எழுத்து இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான். அட்டையைத் திறந்தேன், ஒரு பக்கத்தைப் பிரித்தேன். பாதி என் விரலோடு வந்துவிட்டது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. கிழிந்த துண்டை என் விரலிலிருந்து மெள்ள எடுத்து பட்டர் பேப்பரில் கிடத்தினார்.

“ரெண்டு துண்டுதான் மேடம். ரெண்டும் இருக்குது. ஒண்ணும் போகல.”

நான் அங்கேயே, தொடைவரை தண்ணீரில் நின்று அழுதேன். அவர் சீட்டில் ‘கிழிந்தது, 2’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

புத்தகங்கள் வாரக்கணக்கில் மீனோடு மீனாகக் கிடந்துவிட்டு வந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் காற்றாட வைத்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் மீட்டார். வாசகர்கள் வரலாற்றுப் பிரிவில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று மட்டும் கொஞ்ச நாள் புகார் எழுதினார்கள். அந்தக் கையெழுத்துப் பத்திரிகையில் சில பக்கங்கள் ஒட்டியே இருந்தன. அதற்கு அவர் வீட்டிலிருந்து இட்லிப் பானையைக் கொண்டுவந்தார். அடுப்பு கிடையாது. அடியில் ஈர ஸ்பாஞ்ச், மேலே இட்லித் தட்டில் காகிதம், மூடி. ஒரு ராத்திரி அப்படியே விட்டால் காகிதம் நனையாமல் பதம் மட்டும் ஏறும். மறுநாள் மூங்கில் சீவலை நுழைத்து பக்கங்களைப் பிரித்தார். ஒரு எழுத்துகூடப் போகவில்லை. நான் கிழித்த பக்கமும் தழும்போடு சேர்ந்துவிட்டது.

“அக்கா, இதேதானே? உங்க லெட்டரையும் இப்படியே பிரிச்சிடலாமே!” என்றேன். எனக்குப் பொறுமை சின்னது என்று சொன்னேனே.

அவர் பானையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கவிழ்த்து வைத்த பிறகுதான் பேசினார்.

“பிரிக்காத வரைக்கும் அவரு எங்கிட்ட சொல்றதுக்கு இன்னும் ஒண்ணு பாக்கி வச்சிருக்காரு. பிரிச்சு உள்ள ஒண்ணுமில்லன்னா?”

அதன்பின் ஒரு வாரம் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அவர் ஓய்வு பெறுவதற்குக் கடைசி வாரம். காலையில் நான் வந்தபோது பைண்டிங் அறை மேசையில் இட்லிப் பானை இருந்தது. மூடியிருந்தது.

“நேத்தே வச்சுட்டேன்” என்றார். “இனிமே டிரம் என்னுது இல்ல. வூட்டுக்கு எடுத்துக்கினு போயி எந்த மழையில வுடறது? நீங்க பக்கத்துல இருங்க மேடம். பேசாதீங்க.”

பேசவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை.

மேலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் சீவலை விட்டு, பட்டர் பேப்பரை வைத்து, காத்திருந்து. மூன்றாவது கடிதம், நாலாவது, ஐந்தாவது. எதையும் படிக்கவில்லை; அவைதான் மனப்பாடமாயிற்றே. ஒன்பதாவதில் ஒரு மூலை கிழிந்தது. நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தொடங்கினார். மத்தியானம் தாண்டியபோது அடியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ஓரங்களில் ஒட்டியிருந்த பசை விட்டுக்கொடுத்தது. நான்காக மடித்த அந்த நீலத் தாளை அவர் விரித்தார்.

ஒன்றுமில்லை. வெறும் சாக்கடைக் கறை.

அக்கா தாளின் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தார். பிறகு, “டார்ச்” என்றார். நான் டிரம்மிலிருந்து எடுத்து, பேட்டரி போட்டுப் பிடித்தேன். “மேல இல்ல மேடம். பக்கவாட்டுல புடிங்க. தாளோட ஒட்டி.” நூல்களில் அழிந்துபோன எண்களை அவர் அப்படித்தான் படிப்பார். பால்பாயிண்ட் பேனா மை வெளுத்தாலும் அழுத்தின தடம் போகாது. வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் கறைக்குள்ளிருந்து வரிகள் எழுந்து வந்தன.

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு டார்ச்சைப் பிடித்திருந்தேன். அவர் முணுமுணுப்பது மட்டும் கேட்டது. திடீரென்று சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடிதத்தில் சொட்டிவிடாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீங்களே படிங்க மேடம்.”

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கியிருந்தது. சம்பளம் ஒழுங்காக வருகிறது, ஒட்டகத்தைப் பக்கத்தில் பார்த்தேன், நாற்றம் தாங்கவில்லை. அதற்குக் கீழே: ‘அங்கே மழை வரும் முன்னால் வீட்டுக்கு மேலே நல்ல கெட்டி பிளாஸ்டிக் ஷீட் ஒன்று வாங்கிப் போடு. மறக்காதே. டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்காமல் கட்டில்மேல் தூக்கி வை. நான் சொன்னால் நீ எங்கே கேட்கப் போகிறாய்.’

அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது கடிதங்களையும் அடுக்கினார். இந்தத் தடவை புதுசை மேலே வைத்தார். அப்புறம் எழுந்துபோய் டிரம்மின் ரெஜிஸ்டரை எடுத்துவந்து, பென்சிலால் ஏதோ எழுதி என் முன்னால் நீட்டினார்.

பொருள்: பிளாஸ்டிக் ஷீட், ஒன்று. காரணம்: வீட்டுக் கூரைக்கு.

“இப்ப கான்கிரீட் மோல்டு வீடுதானே அக்கா? ஒழுகாதே” என்றேன்.

“அவுரு போடச் சொல்லிட்டாரில்ல, மேடம்” என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.